எம்பிஏவோட எம்ஏ எதுக்கு?

பாபநாசத்துல இருந்து புழுங்கல் அரிசியை வெளிநாட்டுக்கு அனுப்புற ஒரு மில் ஓனரை நினைச்சுக்கோங்க. 2023 ஜூலையில பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்குத் தடை. ஆகஸ்ட்ல புழுங்கலுக்கு 20% வரி. அவர் போட்ட விலைக்கணக்கெல்லாம் காலி! தப்பு கணக்குல இல்ல, அரசியல்ல. அது எம்பிஏ சிலபஸ்ல அவ்வளவா கிடையாது. (எங்க இன்ஜினியரிங் சிலபஸ்ல சுத்தமா கிடையாது.)

இந்த ரெண்டையும் சேர்க்கணும்னு அமெரிக்காவுல, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல 1983-லயே லாடர் இன்ஸ்டிடியூட் ஆரம்பிச்சாங்க. எஸ்டீ லாடர் அழகுசாதனக் கம்பெனி குடும்பத்து அண்ணன் தம்பி லெனார்டும் ரொனால்டும் அப்பா ஜோசப் நினைவா பணம் கொடுத்தாங்க. வார்டன்ல எம்பிஏ, கூடவே சர்வதேசப் படிப்புல எம்ஏ. ரெண்டும் 24 மாசத்துல.

எப்படி முடியுது? ஒரே ஃபங்ஷனை ரெண்டு மாட்யூல் கூப்பிடுற மாதிரி, சில பாடங்கள் ரெண்டு டிகிரிக்கும் கணக்காகும். எம்பிஏ வகுப்பு தொடங்குறதுக்கு முந்தின கோடையிலேயே படிப்பு ஆரம்பம். தேர்ந்தெடுத்த மொழி புழங்குற நாட்டுக்கே அனுப்பிடுவாங்க. எனக்குப் பிடிச்சது இதுதான். பேரம் பேசுற மொழி தெரியாம என்ன சர்வதேச வணிகம்?

இங்கயும் 2022-ல யூஜிசி விதி வந்தாச்சு. இந்தியப் பல்கலைக்கழகமும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஜாயிண்ட் டிகிரி தரலாம். ஒவ்வொரு பக்கமும் குறைஞ்சது 30% கிரெடிட் படிக்கணும். ஆனா இதுல சான்றிதழ் ஒண்ணுதான். லாடர்ல டிகிரி ரெண்டு. விளம்பரத்துல ரெண்டுக்கும் ‘ஜாயிண்ட்’னுதான் போடுவாங்க. அதனால எஜுகேஷன் லோனுக்கு அப்பா கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி, கையில வரப்போறது எத்தனை சான்றிதழ்னு காலேஜ்ல எழுத்துல கேட்டு வாங்கிடுங்க.