ஆரக்கம்பியில் பிறந்த பை

கெலாங் பாத்தாவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஜொகூர் பாருவில் ஆஸ்பத்திரியில் இருக்கும் தம்பி, தொண்டையில் குழாயும் பக்கத்தில் வென்டிலேட்டருமாக அடுத்த வாரம் வீட்டுக்கு வருகிறாராம். "கரண்டு போனால் என்ன செய்வது ஐயா?" என்று கேட்கிறார்.

வென்டிலேட்டர் என்றால் என்னவென்று கோவிட் நமக்கெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டது. வீட்டு மெஷினுக்குள் பேட்டரி உண்டு, சில மணி நேரம் தாங்கும். ஆனால் வயசான பேட்டரியை நம்ப முடியாது, என் கைப்பேசியைப் போலத்தான். அதனால் நான் பேச நினைப்பது மெஷினோடு வரும், கையால் அமுக்கும் பையைப் பற்றி. ஆம்பு பை என்பார்கள்.

1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியது. மூச்சுவிட முடியாமல் போன நோயாளிகளுக்குத் தொண்டையில் துளையிட்டு, ஒரு ரப்பர்ப் பையை அமுக்கிக் காற்று கொடுக்க வைத்தார் மயக்க மருத்துவர் பியோன் இப்சன். ஏறக்குறைய 1,500 மருத்துவ மாணவர்கள் இரவு பகலாக முறைபோட்டு அமுக்கினார்கள். ஆனால் சிலிண்டர் வாயு வந்தால்தான் அந்தப் பை உப்பும். பிற்பாடு டென்மார்க்கில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்ய, ஆஸ்பத்திரிக்கு ஆக்சிஜன் வருவதே சந்தேகமானது. அப்போது ஹென்னிங் ரூபன் என்ற இன்னொரு மயக்க மருத்துவர் சைக்கிள் ஆரக்கம்பிகளைப் பைக்குள் வைத்துப் பார்த்தார். அமுக்கிக் கையை எடுத்ததும் பை தானே விரிந்து அறைக்காற்றை இழுத்துக்கொண்டது! 1956-இல் விற்பனைக்கு வந்தபோது கம்பி இருந்த இடத்தில் ரப்பர் நுரை இருந்தது. கரண்டும் வேண்டாம், சிலிண்டரும் வேண்டாம். ஒரு கை போதும்.

பால்மரம் வெட்டப் போன சைக்கிளில் ஆரக்கம்பி ஒடிந்தால் என் அப்பா தூக்கிப் போடமாட்டார். எங்கள் வீட்டில் அது கருவாடு சுடும் கம்பியாகும். அதற்கு மேல் அதற்கு ஒரு வாழ்வு இருக்கும் என்று நாங்கள் நினைத்ததில்லை.

ஆனால் ஒரு வீட்டில் ஆம்பு பையை உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். மெஷினைக் கொண்டுவந்தவர்கள் நோயாளியின் அம்மாவுக்கு மட்டும் ஒருமுறை செய்து காட்டினார்களாம். அவர் பசாருக்குப் போன நேரத்தில் மின்சாரம் நின்றால்? மெஷினை வாசலில் இறக்கிக் கையெழுத்து வாங்குவதோடு சேவை முடிந்தது என்று நினைப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

சகோதரி, தம்பியை அழைத்து வருமுன் வீட்டில் மூன்று பேராவது நர்ஸின் எதிரில் அமுக்கிப் பழகுங்கள். எத்தனை விநாடிக்கு ஒருமுறை, எவ்வளவு அழுத்தம் என்று கேட்டு எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பை தம்பியின் தலைமாட்டில், ஆணியில் தொங்கட்டும்.