டிஸ்க் நிறையும் முன்னே...

(மூன்றாம் ஆண்டு, கணிப்பொறித் துறை மாணவன்)



போன செமஸ்டர் மாடல் பிராக்டிகலுக்கு முந்தின நாள் மத்தியானம் நம்ம லேபில் நடந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். யார் எதை சேவ் செய்தாலும் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்று ஒரே பதில். டிஸ்கில் இடமில்லை என்று அர்த்தம். லேப் அண்ணாவைக் கூப்பிட்டோம். அவர் தன் லாகினில் ஒரு ஃபைலை சேவ் செய்து காட்டி, "எனக்கு ஆகுதேப்பா, நீங்கதான் ஏதோ பண்ணியிருக்கீங்க" என்றார். அவர் சொன்னதில் பாதி சரி. பண்ணியது 'நீங்கள்' இல்லை, நான் ஒருவன்தான்.

காலை முதல் பீரியடில் ஒரு சி புரோகிராமை பேக்கிரவுண்டில் ஓடவிட்டு, அவுட்புட்டை ஒரு ஃபைலுக்குத் திருப்பியிருந்தேன். லூப் நிற்க வேண்டிய கண்டிஷனைத் தப்பாக எழுதிவிட்டேன். பெல் அடித்ததும் நான் தியரி கிளாசுக்குப் போய்விட்டேன். புரோகிராம் நிற்காமல் எழுதிக்கொண்டே இருந்தது. மத்தியானத்துக்குள் என் ஃபோல்டரில் ஒரே ஃபைல் 200 ஜி.பி.யைத் தாண்டிவிட்டது.

என் பக்கத்து பெஞ்ச் நண்பன் மூன்று வாரமாக எழுதிய மினி புராஜெக்ட்டை அந்த நேரம் பார்த்து சேவ் செய்தான். திறந்து பார்த்தால் ஃபைலின் அளவு பூஜ்யம். அவன் வீட்டிலும் என் வீட்டிலும் கம்ப்யூட்டர் கிடையாது. லேப் சர்வர்தான் எங்களுக்கு நோட்டுப் புத்தகம். ரெக்கார்டு நோட்டில் கையால் எழுதியிருந்த வரைக்கும் திரும்ப டைப் செய்தான். மீதி போனது போனதுதான். அது என் ஃபைலால் வந்த வினை என்று அன்றைக்கு அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு நான் படித்ததையும் செய்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

அன்றைக்கு நடந்த மூன்று புதிர்கள்

முதல் புதிர்: நமக்கு இடமில்லை, லேப் அண்ணாவுக்கு மட்டும் எப்படி இருந்தது? லினக்ஸில் நாம் பயன்படுத்தும் எக்ஸ்ட்-4 ஃபைல் சிஸ்டம், வழக்கமாக 5 சதவீத இடத்தை 'ரூட்' என்ற நிர்வாகிக்கு ஒதுக்கி வைக்கிறது. டிஸ்க் நிறைந்தாலும் நிர்வாகி உள்ளே வந்து சரிசெய்ய வேண்டுமே, அதற்காகத்தான். அண்ணா ரூட் லாகினில் இருந்தார். ஆக, நிர்வாகிக்கு எல்லாம் நல்லபடியாகத் தெரியும் நேரத்தில் மற்றவர்கள் தவித்துக்கொண்டிருக்கலாம்.

இரண்டாவது புதிர்: பழைய ஃபைல் ஏன் பூஜ்யமானது? பல எடிட்டர்கள் சேவ் செய்யும்போது முதலில் பழைய ஃபைலைக் காலி செய்துவிட்டுப் புதிதாக எழுதுகின்றன. காலி செய்ய இடம் தேவையில்லை. எழுதத்தான் இடம் வேண்டும். முதல் வேலை முடிந்தது, இரண்டாவது வேலை நடக்கவில்லை. புதியதும் இல்லை, பழையதும் இல்லை.

மூன்றாவது புதிர்தான் என்னை வியர்க்க வைத்தது. என் ஃபைலைக் கண்டுபிடித்து அவசரமாக அழித்தேன். ஆனாலும் இடம் திரும்பவில்லை! காரணம் இதுதான். ஒரு புரோகிராம் ஒரு ஃபைலைத் திறந்து வைத்திருக்கும்போது அழித்தால், பெயர் மட்டும்தான் போகும். புரோகிராம் நிற்கும் வரை இடம் விடுபடாது. 'எல்.எஸ்.ஓ.எஃப்.' என்ற கட்டளை, யார் எந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று காட்டும். அதில் பார்த்து என் புரோகிராமை நிறுத்திய பிறகுதான் சர்வர் மூச்சு விட்டது.

அளக்கும் இரண்டு கருவிகள்

இதற்கு விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. 1971-ல் வந்த யூனிக்ஸ் முதல் பதிப்பிலேயே இருந்த இரண்டு கட்டளைகள் போதும்.

'டி.எஃப்.' என்பது டிஸ்க் மொத்தத்தில் எவ்வளவு காலி என்று சொல்லும். ஃபைல் சிஸ்டம் ஏற்கெனவே வைத்திருக்கும் கணக்கைப் படித்துச் சொல்வதால் கண் சிமிட்டும் நேரத்தில் பதில் வரும்.

'டி.யூ.' என்பது ஒரு ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று சொல்லும். ஃபோல்டருக்கென்று தனிக் கணக்கு எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அதனால் டி.யூ. உள்ளே இறங்கி ஒவ்வொரு ஃபைலாகப் பார்த்துக் கூட்ட வேண்டும். லட்சக்கணக்கில் ஃபைல் இருந்தால் வெகுநேரம் ஆகும்; டிஸ்குக்கும் பாரம்.

இரண்டும் சொல்லும் கணக்கு ஒன்றாக இருக்காது. அழித்தும் விடுபடாத ஃபைல் டி.யூ.வின் கண்ணில் படாது, டி.எஃப்.பின் கணக்கில் இருக்கும். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வந்தால் எங்கோ ஒரு புரோகிராம் எதையோ பிடித்து வைத்திருக்கிறதா என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று. ஒரே ஒரு எழுத்து உள்ள ஃபைலும் பொதுவாக டிஸ்கில் 4,096 பைட் இடத்தைப் பிடிக்கும். குட்டிக் குட்டி ஃபைல்கள் நிறைய இருந்தால் இடம் இப்படியும் போகும். அதோடு, ஒவ்வொரு ஃபைலுக்கும் 'ஐநோட்' என்ற ஒரு பதிவு தேவை. எக்ஸ்ட்-4-ல் அதன் எண்ணிக்கை டிஸ்கை ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. அது தீர்ந்தால், பாதி டிஸ்க் காலியாக இருந்தாலும் 'இடமில்லை' என்றுதான் வரும்.

ஸ்கிரிப்ட் எப்படி வேலை செய்கிறது?

லேப் அண்ணாவின் அனுமதியோடு நான் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட் முப்பது வரிதான். 'கிரான்' என்ற வசதி, சொன்ன நேரத்துக்கு அதைத் தானாக ஓட்டுகிறது. வேலை இவ்வளவுதான்:

1. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை டி.எஃப். மட்டும் ஓடும். இடத்தையும் ஐநோட்டையும் பார்க்கும்.

2. ராத்திரி 2 மணிக்கு, லேபில் யாரும் இல்லாத நேரத்தில், எல்லா மாணவர் ஃபோல்டருக்கும் டி.யூ. ஓடும். தேதியோடு ஒரு ஃபைலில் குறித்து வைக்கும்.

3. காலையில், நேற்றைய கணக்கை விட அதிகம் வளர்ந்த ஐந்து ஃபோல்டர்களின் பட்டியல் வரும்.

4. பகலில் டி.எஃப். கணக்கு திடீரென்று எகிறினால், அப்போதே ஒருமுறை டி.யூ. ஓடி எந்த ஃபோல்டர் என்று பெயரைச் சொல்லும்.

கனமான வேலையை ராத்திரிக்கும், லேசான வேலையைப் பகலுக்கும் பிரித்ததுதான் இதில் உள்ள சூட்சுமம். தினம் ஒருமுறை மட்டும் பார்த்திருந்தால் என் பழைய புரோகிராம் மறுபடியும் தப்பித்திருக்கும். அது நிரப்ப எடுத்துக்கொண்டது அரை நாள்தானே.

அலாரம் அடிப்பது பெரிசில்லை

முதல் தடவை எழுதியபோது, 80 சதவீதம் தாண்டினால் மெயில் அனுப்பு என்று வைத்தேன். டிஸ்க் ஒரு நாள் 81-ல் போய் நின்றது. ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக ஒரு நாளைக்கு 288 மெயில்! இரண்டே நாளில் லேப் அண்ணா, "தம்பி, உன் மெயிலைப் பார்க்கிறதையே விட்டுட்டேன்" என்றார். பார்க்காத அலாரம் இல்லாத அலாரத்தை விட மோசம். இருக்கிறது என்று நம்பி எல்லோரும் தூங்கிவிடுவோம்.

அதனால் இப்போது, எல்லையைத் தாண்டும்போது ஒரே ஒரு முறைதான் செய்தி போகும். 80-ஐத் தாண்டியதும் ஒன்று. பிறகு 75-க்குக் கீழே இறங்கி மறுபடி ஏறினால்தான் அடுத்தது. 90-ஐத் தாண்டினால் அவசரச் செய்தி.

அடுத்த திருத்தத்தை எனக்குச் சொல்லித்தந்தது என் அப்பா. அவர் எங்கள் பஞ்சாயத்தில் டேங்க் ஆபரேட்டர். டிஸ்க் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. தொட்டிக் கதை மாதிரி விளக்கினேன். "பாதி இருக்கா, முக்கால் இருக்கான்னு பார்த்தா ஆகாதுடா. தண்ணி எந்த வேகத்துல ஏறுதுன்னு பாரு. அப்பத்தான் எப்ப ஓடி வந்து மோட்டாரை நிறுத்தணும்னு தெரியும்" என்றார். உண்மைதான். 100 ஜி.பி. காலி இருக்கிறது என்று வையுங்கள். தினம் 2 ஜி.பி. வளர்ந்தால் 50 நாள் இருக்கிறது, நிதானமாகப் பார்க்கலாம். மணிக்கு 50 ஜி.பி. வளர்ந்தால் இரண்டே மணி நேரம். சதவீதம் ஒன்றுதான், நிலைமை வேறு. இப்போது செய்தியில் 'இந்த வேகத்தில் இன்னும் இத்தனை மணி நேரம்' என்ற வரியும் சேர்ந்து வருகிறது.

மூன்றாவது பாடம்: எச்சரிக்கை, நிறையப்போகும் அதே டிஸ்கில் போய் உட்காரக் கூடாது. எங்கள் மெயில் பெட்டி அதே சர்வரில் இருந்தது. டிஸ்க் நிறைந்தால் 'டிஸ்க் நிறைந்துவிட்டது' என்ற மெயிலை எழுதவே இடம் இருக்காது! அதனால் செய்தியை மொபைலுக்கு மாற்றினோம்.

பெரிய இடங்களிலும் இதே கதை

இது ஏதோ பாலிடெக்னிக் லேப் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். 2023 ஆகஸ்ட் 29 அன்று ஜப்பானில் உள்ள டொயோட்டாவின் 14 கார் தொழிற்சாலைகளும் நின்றன. உதிரி பாகங்களுக்கு ஆர்டர் போடும் சர்வர்களில் ஆகஸ்ட் 27 அன்று பராமரிப்பு வேலை நடந்தது. அப்போது டிஸ்கில் இடம் போதாமல் சர்வர்கள் நின்றுவிட்டன என்று கம்பெனியே பின்னர் விளக்கியது. மாற்று சர்வரும் அதே அமைப்பில் இருந்ததால் அதுவும் சேர்ந்து விழுந்தது. பெரிய கொள்ளளவு உள்ள சர்வருக்குத் தகவல்களை மாற்றிய பிறகுதான் வேலை தொடங்கியது.

2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய நாசாவின் 'ஸ்பிரிட்' ஊர்தி, மூன்றே வாரத்துக்குள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆக ஆரம்பித்தது. பயணத்தின்போதே சேர்ந்த ஃபைல்கள் அதன் ஃபிளாஷ் மெமரியில் ஏராளம். அந்த ஃபைல் பட்டியலை ஏற்ற ராம் மெமரி போதவில்லை. ஃபிளாஷைத் தொடாமல் ஸ்டார்ட் செய்ய வைத்து, பழைய ஃபைல்களை அழித்து இன்ஜினியர்கள் அதைக் காப்பாற்றினார்கள். எத்தனை ஜி.பி. என்பதோடு எத்தனை ஃபைல் என்பதையும் ஏன் எண்ண வேண்டும் என்று இப்போது புரிகிறதா?

முடிவாக

அலாரம் எதையும் தடுக்காது, சொல்ல மட்டும் செய்யும். தடுக்க வேறு வழி உண்டு. ஆளுக்கு இவ்வளவுதான் இடம் என்று வரம்பு வைக்கும் 'கோட்டா' வசதி லினக்ஸிலேயே இருக்கிறது. லாக் ஃபைல்களைச் சுருக்கிப் பழையதை அழிக்க 'லாக்ரொட்டேட்' இருக்கிறது. கோட்டா அன்றைக்கு இருந்திருந்தால் என் தப்பு என் ஃபோல்டரோடு நின்றிருக்கும். இந்த செமஸ்டர் நம்ம லேபிலும் கோட்டா வந்துவிட்டது. 'இடம் போதலை' என்று முணுமுணுக்கும் நண்பர்கள் மன்னிக்கவும், அதற்குக் காரணம் அடியேன்தான்.

எச்சரிக்கை போகும் மொபைல்கள் மூன்று. ஒன்று லேப் அண்ணாவுடையது, ஒன்று என்னுடையது, மூன்றாவது அந்த மினி புராஜெக்ட் நண்பனுடையது. அவன் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டான். "டேய், ஒருநாள் உன் பேரே வந்துச்சுன்னா?" என்று கேட்டான். "வந்தா உடனே போன் பண்ணு. இந்தத் தடவை ஒரு வாரம் காக்க வைக்க மாட்டேன்" என்றேன்.

நண்பர்களே, லேபை விட்டுக் கிளம்பும் முன் உங்கள் ஃபோல்டரில் ஒருமுறை டி.யூ. அடித்துப் பாருங்கள். பேக்கிரவுண்டில் ஏதாவது ஓடுகிறதா என்றும் பாருங்கள். அரை நிமிட வேலை. அந்த டிஸ்கில் உங்கள் வேலை மட்டும் இல்லை.