சிலுவைப் பாதைச் சித்திரங்களில் வீழ்ச்சியும் மன்னிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவச் சமயக் கலை வழிபாட்டுக்குரிய அழகுப்பொருளாக மட்டுமன்றி, மனிதத் தோல்வியை எண்ணிப் பார்க்கும் களமாகவும் விளங்குகிறது. கத்தோலிக்க ஆலயங்களில் காணப்படும் சிலுவைப் பாதையின் பதினான்கு நிலைகளையும், பேதுருவின் மறுதலிப்பைக் காட்டும் படைப்புகளையும் முன்வைத்து, வீழ்ச்சி, மன்னிப்பு ஆகிய கருத்துகள் காட்சிவடிவம் பெறும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சிலுவைப் பாதை, வீழ்ச்சி, மறுதலிப்பு, மன்னிப்பு, ஒப்புரவு.

முன்னுரை

நாமக்கல் மாவட்டத்தின் புதுச்சத்திரம், சேந்தமங்கலம், இராசிபுரம் வட்டாரம் தமிழகக் கிறித்தவ வரலாற்றில் தொன்மையான தொடர்புடையது. மதுரைப் பணித்தளத்தைச் சேர்ந்த இராபர்ட் தெ நோபிலி 1623இல் மேற்கொண்ட வடதிசைப் பயணத்தில் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். 1930இல் சேலம் மறைமாவட்டம் தோன்றியது. பிற பகுதிகளைப் போலவே இப்பகுதிக் கத்தோலிக்கரும் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப் பாதைச் சித்திரங்களின் முன் நின்று வழிபடுகின்றனர்.

மூன்று வீழ்ச்சிகள்

பிரான்சிசுகு சபையினர் பரப்பிய இவ்வழிபாட்டின் நிலைகளைப் பதினான்கு என 1731இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெந்து வரையறுத்தார். மூன்றாம், ஏழாம், ஒன்பதாம் நிலைகளில் இயேசு கீழே விழுகிறார். நற்செய்தி நூல்கள் நான்கிலும் இவ்வீழ்ச்சிகள் இடம்பெறவில்லை. மக்கள் பக்தியே இவற்றைப் படைத்தது. எழுந்தவர் மீண்டும் விழுவதை மும்முறை காண வேண்டும் என்ற தேவை அப்பக்திக்கு இருந்தது எனலாம்.

நிலைகளின் வரிசையும் கருதத்தக்கது. முதல் வீழ்ச்சியை அடுத்துத் தாய் மரியா, சீரேனே ஊர்ச் சீமோன், வெரோனிக்கா ஆகிய மூவர் வருகின்றனர். விழுந்தவர்க்கு அன்பும் உதவியும் கிடைக்கின்றன. இரண்டாம் வீழ்ச்சியை அடுத்து, விழுந்தவரே அழும் மகளிர்க்கு ஆறுதல் கூறுகிறார். மூன்றாம் வீழ்ச்சியை அடுத்து ஆடை களையப்படுகிறது. உதவ எவரும் இல்லை. துணையுள்ள வீழ்ச்சி, பிறர்க்குத் துணையாகும் வீழ்ச்சி, துணையற்ற வீழ்ச்சி என மூன்று அனுபவங்களை இவ்வரிசை வேறுபடுத்திக் காட்டுகிறது.

சுமையும் குற்றமும்

இவ்வீழ்ச்சிகள் சுமையால் நேர்ந்தவை. குற்றத்தால் நேர்ந்தவை அல்ல. ஆகவே மன்னிப்பு என்னும் சிக்கலை இவை நேரடியாகத் தொடுவதில்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1991இல் உரோமைக் கொலோசேயத்தில் பயன்படுத்திய விவிலியச் சிலுவைப் பாதை இவ்வகையில் முக்கியமானது. அதில் மூன்று வீழ்ச்சிகளும் நீங்கின. இரண்டாம் நிலையில் யூதாசின் காட்டிக்கொடுப்பும், நான்காம் நிலையில் பேதுருவின் மறுதலிப்பும், பதினோராம் நிலையில் மனம்மாறிய குற்றவாளிக்கு இயேசு அளித்த வாக்குறுதியும் இடம்பெற்றன. உடலின் வீழ்ச்சி நின்ற இடத்தில் அறத்தின் வீழ்ச்சி வந்தமைந்தது. இரு வரிசைகளும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன: சோர்ந்து விழுந்தவரையும் தவறிழைத்தவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது என்பதை ஒப்பீடு உணர்த்துகிறது.

சேவலும் திறவுகோலும்

பேதுருவைச் சேவலுடன் காட்டும் மரபு நான்காம் நூற்றாண்டு உரோமைக் கல்லறைப் பேழைச் சிற்பங்களிலேயே உள்ளது. பிற்காலச் சுரூபங்களில் அவர் கையில் விண்ணரசின் திறவுகோல்கள் உள்ளன. மறுதலித்தவரே திறவுகோல்களை ஏந்துபவர் என்பதை இவ்விரு அடையாளங்களும் சேர்ந்து உரைக்கின்றன. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1660இல் வரைந்த மறுதலிப்பு ஓவியத்தில், பணிப்பெண்ணின் விளக்கொளி பேதுருவின் முகத்தில் விழுகிறது. பின்புற இருளில் இயேசு திரும்பிப் பார்க்கிறார். லூக்கா நற்செய்தி (22:61) குறிப்பிடும் பார்வை அது. குற்றம் வெளிச்சத்தில் இருக்க, மன்னிப்பவர் நிழலில் நிற்கிறார்.

யூதாசும் தம் செயலுக்காக வருந்தினார் (மத்தேயு 27:3). எனினும் அவர் வருத்தத்துடன் தனித்துப் போனார். பேதுருவோ மீண்டும் சீடர்களிடையே இருந்தார். யோவான் நற்செய்தியில் மறுதலிப்பும் (18:18) பின்னர் நிகழும் சந்திப்பும் (21:9) கரிநெருப்பின் அருகிலேயே அமைகின்றன. மும்முறை மறுத்தவரிடம் மும்முறை அன்பு குறித்துக் கேட்கப்படுகிறது; பின்னர்ப் பொறுப்பும் ஒப்படைக்கப்படுகிறது. இங்கு மன்னிப்பு என்பது மறதி அன்று. நடந்ததை நினைவில் நிறுத்தியே உறவு புதுப்பிக்கப்படுகிறது. பாவசங்கீர்த்தனம் என வழங்கிய அருட்சாதனம் இன்று தமிழ்த் திருச்சபையில் ஒப்புரவு எனப்படுவதும் இப்பொருளை வலியுறுத்துகிறது. முந்தைய சொல் குற்றத்தை அறிக்கையிடுவதைக் குறிக்க, பிந்தைய சொல் உறவு சீர்பெறுவதைக் குறிக்கிறது.

முடிவுரை

சிலுவைப் பாதைச் சித்திரங்கள் வீழ்ச்சியை மறைக்காமல் ஆலயச் சுவரிலேயே நிலைநிறுத்துகின்றன. சுமையால் விழுந்தவர்க்குத் துணையும், குற்றத்தால் விழுந்தவர்க்குப் பொறுப்புடன் கூடிய மன்னிப்பும் தேவை என்னும் வேறுபாட்டை அவை காட்சிவழி கற்பிக்கின்றன. மன்னிப்பைக் குற்றத்தின் மறைப்பாகக் கொள்ளும் போக்கிற்குச் சேவலும் திறவுகோலும் சேர்ந்த பேதுருவின் உருவம் மறுப்பாக அமைகிறது. எனவே இச்சித்திரங்கள் கலைவரலாற்று நோக்கில் மட்டுமன்றி, சமயம்சார் அறச்சிந்தனை நோக்கிலும் ஆராயத்தக்கவை.