ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் கியர் லீவர்: பழுதும் பாத்தியதையும்

தாம்பரத்தைக் கடந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போகிறவர்கள் பெருங்களத்தூரில் இன்று காணும் தகவல் தொழில்நுட்பக் கட்டடங்களும் அடுக்குமாடி வீடுகளும் எழும்பியிருக்கும் நிலத்தில்தான், 1948-இல் ஸ்தாபிதமான ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்னும் கம்பெனியின் தொழிற்சாலை இயங்கிற்று என்பதையும், 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற அழகிய சிறு கார் அங்கிருந்துதான் புறப்பட்டது என்பதையும் அறிந்தவர்கள் இப்போது அருகிவருகிறார்கள். இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டே இங்கு அப்பெயர் பூண்டது. அதன் உருவத்தை வரைந்த இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டியே, அதே ஹெரால்டின் அங்கங்களை ஆதாரமாகக் கொண்டு 1962-இல் வெளிவந்த ஸ்பிட்ஃபயர் என்னும் இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் காரையும் வரைந்தார். ஆகையால், தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ ஒரு ஷெட்டில் ஹெரால்டைக் காப்பாற்றி வைத்திருப்பவர், ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் கியர் அமைப்பைத்தான் தம் கையில் பிடித்திருக்கிறார் என்று சொன்னால் அது மிகையாகாது.

இவ்வண்டிகளின் சொந்தக்காரர்களுக்கு அடிக்கடி நேரும் நஷ்டம் கியர் லீவரிலிருந்தே தொடங்குகிறது. "கியர் விழ மாட்டேங்குது" என்று வண்டியைக் கொண்டுபோய் விட்டதும், "பாக்ஸை இறக்கிப் பார்த்தால்தான் தெரியும்" என்ற பதில் வருகிறது. இறக்கிய பிறகு முழு ஓவர்ஹாலுக்குப் பணம் கேட்கப்படுகிறது. வண்டியோ பிரித்த நிலையில் மாதக் கணக்காகக் கிடக்கிறது. என் அபிப்பிராயத்தில், இப்படிப் பிரிக்கப்படும் கியர் பாக்ஸ்களில் கணிசமானவை எந்தக் குற்றமும் அறியாதவை. பழுது பெரும்பாலும் பாக்ஸுக்கு வெளியேதான் இருக்கிறது. அதைச் சோதித்து நிர்ணயிக்கச் சொந்தக்காரருக்கு ஸ்பானர் கூட அவசியமில்லை.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை நிறுத்திய நிலையில் கிளட்சை மிதித்துக்கொண்டு நான்கு கியரையும் ரிவர்ஸையும் போட்டுப் பார்க்க வேண்டும். நிறுத்திய இன்ஜினில் கியர்கள் இலகுவாக விழுந்து, ஓடும் இன்ஜினில் மட்டும் கரகரவென்று அரைத்து மறுக்குமாயின், குறை கியர் பாக்ஸில் இல்லை. கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்பதே பொருள். ஹெரால்டின் கிளட்ச் திரவ அழுத்தத்தால் இயங்குவது. மாஸ்டர் சிலிண்டரில் திரவம் குறைந்திருக்கலாம், ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் கசியலாம், குழாயில் காற்று புகுந்திருக்கலாம். மிதியடியை இணைக்கும் ஆணி தேய்ந்து, பாதி மிதி வீணாகியும் போகலாம். பிரேக் ஆயில் ஊற்ற வேண்டிய இடத்தில் அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றினாலோ ரப்பர் வீங்கி, சிறு பழுது பெரும் பழுதாகும்.

இன்ஜின் நின்றிருக்கும்போதும் லீவர் வழியறியாமல் தள்ளாடுகிறது, வண்டி ஓடுகையில் மூன்றாம் கியரில் கிலுகிலுவென்று சப்தமிடுகிறது, முதலாவதைத் தேடினால் மூன்றாவது அகப்படுகிறது என்றால், லீவரையும் பாக்ஸையும் இணைக்கும் நீட்டுக் கம்பியின் நைலான், ரப்பர் புஷ்களே தேய்ந்திருக்கக் கூடும். இந்தப் புஷ்கள் ஸ்பிட்ஃபயருக்கென்று இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. இங்கு வாசகர் மனத்தில் இருத்த வேண்டிய விசேஷம் ஒன்று உண்டு: ஹெரால்டில் கியர் பாக்ஸை மூடியிருக்கும் உறை தனியாகக் கழற்றத்தக்கது, இருக்கைகளை எடுத்துவிட்டு அவ்வுறையைத் தூக்கினால், லீவரின் இணைப்புகள் யாவும் காருக்குள் அமர்ந்தபடியே கைக்கு எட்டும், பாக்ஸையே வெளியே எடுக்க நேர்ந்தாலும் அதே வழியாக எடுக்கலாம். ஆகவே இன்ஜினை இறக்கியாக வேண்டும் என்று ஒருவர் சாதித்தால், காரணம் கேட்பது சொந்தக்காரரின் உரிமை மட்டுமன்று, கடமையும்கூட.

உண்மையிலேயே பாக்ஸுக்குள் நோய் இருப்பதற்கு அடையாளங்கள் வேறு. ஓடும்போது ஒரு குறிப்பிட்ட கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருவது, இரண்டாவதோ மூன்றாவதோ மட்டும் ஒவ்வொரு முறையும் அரைப்பது, இவை செலக்டரின் ஸ்பிரிங்கும், பற்கள் அரைக்காமல் சேர உதவும் சின்க்ரோ வளையங்களும் தேய்ந்ததைச் சொல்லும். ஓடும் வண்டியில் முதல் கியர் அரைத்தாலோ அது பழுதே அல்ல. அதற்குச் சின்க்ரோ வைத்தே செய்யப்படவில்லை. மற்றக் கியர்களின் பித்தளைச் சின்க்ரோ வளையங்களைக் காக்க, புதுக் கார்களின் ஹைபாய்டு பல்லிணைகளுக்கென்று விற்கப்படும் ஜி.எல்.-5 ரக எண்ணெயைத் தவிர்த்து, ஜி.எல்.-4 ரகத்தையே ஊற்றச் சொல்ல வேண்டும். முன்னதில் உள்ள கந்தகச் சேர்மானம் பித்தளையை அரிக்க வல்லது.

அபாயங்களில் முதன்மையானது, நியூட்ரல் என்று நம்பி ஸ்டார்ட் செய்த வண்டி தேய்ந்த இணைப்பினால் கியரிலேயே இருந்து முன்னே பாய்வதாகும். மேம்பாலத்து இறக்கத்தில் கியர் கழன்றால் இன்ஜினின் தடை போய்விடும்; பிரேக் ஒன்றே துணை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவோ, குறை தெரிந்தும், அல்லது சாதாரண கவனத்தால் தெரிந்துகொள்ளக்கூடியதாயிருந்தும், அபாயகரமான வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுகிறவருக்கு அபராதமும், அதனால் விபத்து நேர்ந்து காயமோ சேதமோ உண்டானால் மூன்று மாதம் வரை சிறையும் விதிக்க இடமளிக்கிறது.

இனி ஷெட்டில் விடும் விஷயம். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, வண்டியை ஒப்புக்கொண்ட மெக்கானிக் அதைச் சாதாரண விவேகமுள்ள மனிதன் தன் சொந்தப் பொருளைக் காப்பதுபோல் காக்கக் கடமைப்பட்டவர். அனுமதியின்றித் தம் காரியத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்ச் சேதமானால், அது அஜாக்கிரதையா அல்லவா என்ற விசாரணையே இல்லாமல் ஈடு செய்ய வேண்டியவர். செய்த வேலைக்குக் கூலி வராத வரையில் வண்டியைத் தம்மிடம் நிறுத்திவைக்க 170-ஆம் பிரிவு அவருக்கும் உரிமை தருகிறது. பலர் இதை அறியாமல் போலீஸ் நிலையத்துக்கு ஓடுகிறார்கள். ஆனால் அவ்வுரிமை அந்த வண்டியில் செய்த வேலையின் கூலிக்கே உரியது. உங்கள் இன்னொரு வண்டியின் பழைய பாக்கிக்காக இதைப் பிடித்துவைக்கத் தனியான ஒப்பந்தம் வேண்டும். தகராறு முற்றினால், கேட்ட தொகையை "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ரசீதும் வண்டியும் பெற்றுக்கொண்டு, பிறகு வழக்காடுவதே புத்திசாலித்தனம்.

அதற்கு முன்பே ஒரு காகிதம் வேண்டும். வண்டி நம்பர், கிலோமீட்டர், நீங்கள் சொன்ன குறை, எஸ்டிமேட், "என் எழுத்து மூலமான சம்மதமின்றி பாக்ஸைப் பிரிக்கலாகாது" என்ற ஒரு வரி, இருவர் கையெழுத்து: இவ்வளவே. இதைக் கேட்டால் முகம் சுளிக்கும் ஷெட்டிலிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவது நலம். மாற்றிய பழைய புஷ்களும் வளையங்களும் உங்கள் சொத்து. ஒரு சாக்கில் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள், அவை பின்னால் சாட்சி சொல்லும்.

2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. பில் தர மறுப்பதையே அது முறையற்ற வணிக வழக்கங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முறையிடலாம். பலிக்காவிடில், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யச் சட்டம் அனுமதிப்பதால், தாம்பரவாசி செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். காரணம் எழுந்த 2 வருஷத்துக்குள் மனு தர வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. சோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்படுவதை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டுமென்பது சட்டத்தின் விருப்பம்; நடைமுறையோ பொறுமையைக் கேட்கும். குறையை நிரூபிக்கும் பாரம் மனுதாரர்மேல் விழுவதால், தகுதியுள்ள வேறொரு பொறியாளரின் எழுத்து மூலமான அறிக்கை பெரிதும் உதவும். காரைச் சினிமா ஷூட்டிங்குக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் வாடகைக்கு விடுகிறவருக்கு எதிராக, வணிக நோக்கம் என்ற ஆட்சேபணை எழுப்பப்படும் என்பதையும் மறக்கலாகாது.

கடைசியாக ஓர் ஆசைவார்த்தை வரும்: "இந்தப் பழைய பாக்ஸ் எதற்கு? வேறொரு காரின் இன்ஜினும் பாக்ஸும் ஏற்றித் தருகிறேன்." இதற்கு இசைவதற்கு முன் 2021 ஜூலையில் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளை நினைக்க வேண்டும். முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு அவ்விதிகள் விண்டேஜ் பதிவு வழங்குகின்றன; புதிதாகப் பதிவாகும் வண்டிகளின் எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துக்கள் இடம்பெறும். அப்பதிவு 10 வருஷம் செல்லும். புதிதாகப் பெறக் கட்டணம் 20,000 ரூபாய். அன்றாட உபயோகத்துக்கும் வணிகத்துக்கும் அவ்வண்டி ஓடலாகாது. ஆனால் வண்டி அசல் உருவில் இருக்க வேண்டும்; சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் மாற்றம் செய்தது அதற்குத் தகுதி பெறாது. கியர் பாக்ஸ் என்ற சொல் அவ்விதியில் தனித்து வரவில்லைதான்; எனினும் அந்நிய பாக்ஸைப் பொருத்தச் சேஸிஸின் தாங்கியை வெட்டுவதும், கூடவே இன்ஜினை மாற்றுவதும் வழக்கமாதலால், 50 வருஷம் காத்த அந்தஸ்து ஒரு மாலைப்பொழுதின் வெல்டிங்கில் போய்விடக்கூடும். இன்ஜின் மாறினால் ஆர்.டி.ஓ.வின் அனுமதியும் ஆர்.சி.யில் திருத்தமும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அறிவிப்பும் வேண்டும். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் இன்ஜின் வாங்குகிறவர் அதன் நம்பர் எழுதிய பில்லைக் கேட்டுப் பெறாவிட்டால், அது திருட்டு வண்டியினுடையதென்று பின்னால் தெரியவரும் நாளில் போலீஸாருக்குக் காட்ட அவர் கையில் ஒன்றும் இராது.