எட்டும் எண்பதும்

ராத்திரி ஷிஃப்ட் – 9

2008-ஆம் ஆண்டு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், சர்க்கரை நோயுள்ள ஒரு பெண்மணியை மருத்துவமனையிலிருந்து மறுவாழ்வு மையத்துக்கு மாற்றினார்கள். டாக்டர் சொன்ன இன்சுலின் அளவு 8 யூனிட். டிஸ்சார்ஜ் சம்மரியில் 80 யூனிட் என்று இருந்தது. மையத்தில் தாளில் கண்டபடியே ஊசி போட்டார்கள். அந்தப் பெண்மணி பிழைக்கவில்லை. வழக்கு நடந்து, 2012 டிசம்பரில் 14 கோடி டாலர் தரச் சொல்லி ஜூரி தீர்ப்பளித்தது. டாக்டரின் குரல் இந்தியாவுக்கு வந்து, டைப் ஆகித் திரும்பிப் போன ரிப்போர்ட் அது.

திருச்சி பக்கத்து ஜீயபுரத்தில் என்னிடம் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் பழக வரும் பெண்களுக்கு முதலிலேயே இந்த வழக்கைச் சொல்லிவிடுவேன். சொல்லாவிட்டால் சீக்கிரமே கேள்வி வந்துவிடும். “ஏங்க்கா, பாயிண்டுக்கு முன்னாடி ஒரு ஜீரோ விட்டுப்போச்சு. அதுக்குப் போய் இவ்ளோ மார்க் குறைக்கிறீங்களே?”

“உனக்கு அது மார்க்கும்மா. அங்க படுத்திருக்கிறவங்களுக்கு அது மருந்து.”

சென்ற வாரம் மருந்துப் பெயர்களைக் காதால் பிரித்தறிவது பற்றிப் பார்த்தோம். கேட்டதைத் தாளில் எப்படி வைப்பது என்பது இந்த வாரம். புள்ளி, பூஜ்யம், கோடு, தலைப்பு, இடைவெளி. இவற்றுக்கெல்லாம் விதி இருக்கிறது. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. எல்லாக் காரணங்களையும் சேர்த்துப் பார்த்தால் தேறுவது ஒன்றுதான்: டாக்டர் சொல்லாததைத் தாள் சொல்லிவிடக் கூடாது.

இன்ஸ்டிட்யூட்டில் கற்றதும் மாற்றிக்கொண்டதும்

திருச்சி, ஸ்ரீரங்கம் பக்கத்திலிருந்து இந்த வேலைக்கு வந்த பெண்களில் பலர் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர்கள். நிமிடத்துக்கு 45 சொல் வேகம் தவிர, இரண்டாம் தாளில் கடிதமும் ஸ்டேட்மெண்டும் உண்டு. மார்ஜின் எவ்வளவு, தலைப்பு எங்கே, பத்திக்கு எத்தனை இடம் தள்ள வேண்டும் என்பதெல்லாம் கையில் ஊறியிருக்கும். தாளைப் பார்த்த மாத்திரத்தில் கோணல் தெரியும் கண் அவர்களுக்கு அங்கேதான் கிடைத்தது. டிரான்ஸ்கிரிப்ஷனுக்கு அது பெரிய சொத்து.

ஆனால் சில பழக்கங்களைக் கழற்றி வைக்க வேண்டியிருந்தது. முற்றுப்புள்ளிக்குப் பின் இரண்டு இடம் விடுவது அதில் முதலாவது. இந்தத் தொழிலில் கூலி வரிக்கணக்கில் வருகிறது. ஒரு வரி என்பது வழக்கமாக 65 எழுத்து, இடைவெளியும் சேர்த்து. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓரிடம் கூடினால் மாதக் கடைசியில் வரிக் கணக்கு மாறும். இதனால் வந்த தகராறு தீர, கண்ணுக்குத் தெரியும் கறுப்பு எழுத்தை மட்டும் எண்ணலாம் என்ற முறையும் வந்தது. இன்று பெரும்பாலும் ஒற்றை இடைவெளிதான்.

இரண்டாவது, நம் ஊர் எழுத்து முறை. நம் லேபில் பிளேட்லெட் 1,50,000 என்று கமா போடுவோம்; அவர்களுக்கு 150,000. நமக்கு 04/05 என்பது மே மாதம் 4-ஆம் தேதி. அவர்களுக்கு ஏப்ரல் 5. நம் டாக்டர் சீட்டில் ‘ஓ.டி.’ என்றால் தினம் ஒரு வேளை. அங்கே அது வலது கண்ணைக் குறிக்கும். கண் மருத்துவரின் டிக்டேஷனில் இந்த ஒன்று மாறினால் சொட்டு மருந்து எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். நாம் பிறந்ததிலிருந்து சரியென்று நினைத்து எழுதியதை, இன்னொரு ஊரின் வாசகர் எப்படிப் படிப்பார் என்று நிறுத்தி யோசிக்கப் பழகுவதே இந்த வேலையின் முதல் பாடம்.

விதியை வகுத்தவர்கள்

அமெரிக்காவில் டிரான்ஸ்கிரிப்ஷனிஸ்டுகள் 1978-ல் கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில் தங்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். அந்தச் சங்கம் வெளியிட்ட ‘புக் ஆஃப் ஸ்டைல்’தான் நம் மேசைகளில் இருந்த வேதம். அதன் இரண்டாம் பதிப்பு 2002-ல் வந்தது. எந்தச் சொல்லுக்கு நடுவில் சிறு கோடு, எந்த நோய்ப் பெயருக்கு முதலெழுத்து பெரியது என்பது வரை அதில் தேடலாம்.

ஆனால் ஒவ்வொரு மருத்துவமனை அக்கவுண்டும் தனக்கென ஒரு குறிப்பை அனுப்பும். ஒரு டாக்டருக்கு மருந்துப் பட்டியல் எண் போட்டு வேண்டும். இன்னொருவருக்கு ஒரே பத்தியாக வேண்டும். ஒருவர் தன் இலக்கணத்தைத் திருத்தச் சொல்வார். இன்னொருவர் சொன்னதைச் சொன்னபடி தரச் சொல்வார். புத்தகம் ஒன்று சொல்லி, அக்கவுண்ட் வேறு சொன்னால் எதைக் கேட்பது? புதிதாக வருபவர்களை அதிகம் குழப்புவது இதுதான். நான் சொல்லித் தரும் வரிசை இது: நடை, அழகு, அமைப்பு எல்லாவற்றிலும் அக்கவுண்டின் விருப்பம் முதலில், புத்தகம் பிறகு. நோயாளியின் உயிரைத் தொடும் இடத்தில் மட்டும் பாதுகாப்புப் பட்டியலே முதலில். அக்கவுண்டின் குறிப்பு அதற்கு எதிராக இருந்தால் மேலே எழுதிக் கேட்க வேண்டும்.

எழுதக் கூடாதவை

அந்தப் பட்டியலை அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ‘ஜாயிண்ட் கமிஷன்’ 2004-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சிறிய பட்டியல்தான், மனப்பாடமாகத் தெரிய வேண்டும். யூனிட் என்பதை ‘யூ’ என்ற ஒற்றை எழுத்தால் சுருக்கக் கூடாது. எண்ணை ஒட்டி எழுதினால் அந்த எழுத்தே பூஜ்யமாகத் தெரியும், 10 யூனிட் 100 ஆகிவிடும். தினம் ஒரு முறை என்பதற்கான ‘க்யூ.டி.’ கூடாது; தினம் நான்கு முறைக்கான ‘க்யூ.ஐ.டி.’யோடு கலந்துவிடும். ‘எம்.எஸ்.’ கூடாது, அது மார்ஃபின் சல்ஃபேட்டா, மக்னீசியம் சல்ஃபேட்டா என்று தெரியாது.

பூஜ்யத்துக்கு இரண்டு விதி. அரை மில்லிகிராமை 0.5 என்றே எழுத வேண்டும். முன்னால் பூஜ்யம் இல்லாமல் .5 என்று எழுதினால் புள்ளி மங்கிய நகலில் அது 5. ஒரு மில்லிகிராமை 1 என்று நிறுத்திவிட வேண்டும், 1.0 என்று எழுதினால் அதே நகலில் 10. இரண்டிலும் பிழை பத்து மடங்கு. இதற்கு ஒரு விலக்கு உண்டு. லேப் முடிவிலும், ஸ்கேனில் கண்ட கட்டியின் அளவிலும் கடைசிப் பூஜ்யத்தை வைக்கலாம். எத்தனை துல்லியமாக அளந்தார்கள் என்பதை அங்கே அந்தப் பூஜ்யம் சொல்கிறது. மருந்து அளவில் ஆபத்தானது, அளவீட்டில் தகவலாகிறது. விதியோடு அதன் காரணத்தையும் கற்றவருக்கு இந்த விலக்கு குழப்பமே தராது.

சர்க்கரை நோய் வகைகளை ரோமன் எண்ணில் எழுதி வந்ததை 1997-ல் அமெரிக்க நிபுணர் குழு மாற்றி, டைப் 1, டைப் 2 என்று சாதாரண எண்ணுக்குக் கொண்டுவந்தது. ரோமன் இரண்டு, பார்க்கப் பதினொன்று போல இருக்கும் என்பது ஒரு காரணம். ஆனால் புற்றுநோயின் ஸ்டேஜுக்கு ரோமன் எண், கிரேடுக்குச் சாதாரண எண் என்ற வேறுபாட்டை வைத்திருக்கிறார்கள். இரண்டு வேறு அளவுகோல்கள் பக்கத்துப் பக்கத்தில் வரும்போது எண்ணின் வடிவமே அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது.

அறுவை சிகிச்சை ரிப்போர்ட்டில் தையல் நூல் ‘த்ரீ ஓ’ என்று காதில் விழும். நடுவில் கோடு போட்டு 3-0 என்று எழுத வேண்டும். கோட்டை விட்டால் 30 என்று ஆகிவிடும். அதற்கு அங்கே பொருளே இல்லை. ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் தொலைபேசி டிக்டேஷனில் ஒன்றாகவே ஒலிக்கும். நல்ல டாக்டர்கள் ‘ஒன் ஃபைவ்’ என்று பிரித்துச் சொல்லிவிடுவார்கள். சொல்லாதபோது மருந்தின் வழக்கமான அளவைப் பார்த்து ஊகிக்கத் தோன்றும். ஊகிக்கக் கூடாது.

தலைப்பும் அதன் கீழ் வருவதும்

மருத்துவக் குறிப்பு ஒழுங்கான சிந்தனையைக் காட்ட வேண்டும் என்று 1968-ல் லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதினார். நோயாளி சொன்னது, டாக்டர் கண்டது, முடிவு செய்தது, செய்யப்போவது என்ற நான்கு பகுதி வரிசை அவர் வழியில் வந்தது. அவசரத்தில் ரிப்போர்ட்டைப் புரட்டும் இன்னொரு டாக்டர் அலர்ஜி எங்கே இருக்கும் என்று தேடாமல் கண்டுபிடிக்க வேண்டும், தலைப்புகள் அதற்காகத்தான்.

டாக்டர்கள் நினைவு வந்த வரிசையில் பேசுவார்கள். பரிசோதனையைச் சொல்லிக்கொண்டே, “ஆங், பென்சிலின் அலர்ஜி உண்டு” என்பார்கள். அக்கவுண்ட் அனுமதித்தால் அந்த வரியை அலர்ஜி தலைப்பின் கீழ் கொண்டுபோய் வைப்பது நம் கடமை. ஆனால் அலர்ஜி பற்றி டாக்டர் பேசவே இல்லையென்றால், தலைப்பு காலியாக இருக்கிறதே என்று ‘இல்லை’ போட்டுவிடக் கூடாது. கேட்கவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. இடம் மாற்றலாம்; இல்லாததை உண்டாக்கக் கூடாது.

முதல் பத்தியில் வலது முழங்கால், கடைசிப் பத்தியில் இடது முழங்கால் என்று வந்தாலும் அதே நெறிதான். எது சரி என்று நமக்குத் தெரிந்தது போலிருக்கும். இருந்தாலும் சொன்னதைச் சொன்னபடி வைத்து, முரண் இருக்கிறது என்று குறிப்பு எழுதி அனுப்ப வேண்டும். தீர்மானிக்க வேண்டியவர் நோயாளியைத் தொட்டுப் பார்த்த டாக்டர்.

பிளாங்க் என்னும் நேர்மை

எல்லா விதிகளுக்கும் மேலே நான் வைப்பது பிளாங்க். திரும்பத் திரும்பக் கேட்டும் பிடிபடாத இடத்தில் கோடு போட்டு, எந்த விநாடியில் வருகிறது, எப்படி ஒலிக்கிறது என்று குறித்து மேலே அனுப்புவது. பங்குனியில் ஸ்ரீரங்கத்து நம்பெருமாள் ஜீயபுரம் மண்டபத்துக்கு எழுந்தருளும் நாளிலும் இங்கே ஃபைல்கள் வந்துகொண்டுதான் இருக்கும். அமெரிக்காவில் அது வேலை நாள். 24 மணி நேரத்துக்குள் போக வேண்டிய ரிப்போர்ட், 98 சதவீதத்துக்குக் குறையக் கூடாத மதிப்பெண், வரிக் கணக்கு எல்லாம் சேர்ந்து நெருக்கும். அந்த நெருக்கடியில் ஒரு பெண் தன் கையால் ‘இது எனக்குக் கேட்கவில்லை’ என்று பதிவு செய்வதற்குத் துணிவு வேண்டும். பிளாங்க் விட்டதற்காக அவளைக் கடிந்துகொள்ளும் மேற்பார்வையாளர், ஊகிக்கச் சொல்லிக் கொடுக்கிறார்.

இப்போது டாக்டர் பேசியதைக் கணினியே எழுதித் தருகிறது. 2018-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வில், கணினி எழுதிய குறிப்புகளில் நூறு சொல்லுக்கு 7.4 பிழை இருந்தது. டிரான்ஸ்கிரிப்ஷனிஸ்ட் கேட்டுத் திருத்திய பின் அது 0.4 ஆனது. டாக்டர் பார்த்துக் கையெழுத்திட்ட பின் 0.3. மனிதக் காது செய்த வேலை எவ்வளவு என்பது இந்த மூன்று எண்ணில் தெரிகிறது.

2024-ல் வந்த இன்னொரு ஆய்வு ‘விஸ்பர்’ என்ற பேச்சறி மென்பொருளைச் சோதித்தது. ஏறக்குறைய நூற்றில் ஓர் ஒலித்துண்டில், பேசியவர் வாயிலிருந்து வராத சொற்றொடர்களை அது தானாகச் சேர்த்திருந்தது. பேச்சுக்கு நடுவே நீண்ட மௌனம் வரும் பதிவுகளில் இது கூடுதல். காலியிடத்தைக் காலியாக விடும் பழக்கம் அதற்கு இல்லை. ஜீயபுரத்தில் ஒவ்வொரு பயிற்சிப் பெண்ணுக்கும் சொல்லித் தரும் பாடம் அது. இயந்திரம் வந்துவிட்டது, இனி இந்த வேலைக்கு ஆள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதிலும் இதுவே.

நம் வீட்டுத் தாள்

இவ்வளவு கவனத்தையும் கடல் தாண்டி அனுப்புகிறோம். நம் அம்மா அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரிக்கும் இது கிடைக்க வேண்டும். மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, இயன்றவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-ல் தன் நெறிமுறைகளைத் திருத்தியது. விதி இருக்கிறது, அதை நிறைவேற்றத் தெரிந்த கைகள் காவிரியின் இரு கரையிலும் இருக்கின்றன. திருச்சி மருத்துவமனைகள் தங்கள் பதிவேட்டுப் பிரிவில், கையெழுத்துக்குப் போகும் முன் ஒவ்வொரு சம்மரியையும் படித்துப் பார்க்க இந்தப் பெண்களை அமர்த்தலாம். அவர்களுக்குப் பகல் வேலை கிடைக்கும். நோயாளிக்குப் பிழையில்லாத தாள் கிடைக்கும்.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது உண்டு. டிஸ்சார்ஜ் ஆகும்போது பில்லைச் சரிபார்க்கும் அதே அக்கறையோடு சம்மரியையும் அங்கேயே நின்று படியுங்கள். வலது, இடது சரியா? மருந்து அளவில் புள்ளி இருந்தால் முன்னால் பூஜ்யம் இருக்கிறதா? அலர்ஜி எழுதியிருக்கிறதா? 1-0-1 என்று இருந்தால் காலை ஒன்று, இரவு ஒன்று என்று தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். இன்சுலின் என்றால் எத்தனை யூனிட் என்று செவிலியரை வாய்விட்டுச் சொல்லச் சொல்லி, தாளோடு ஒத்துப் பாருங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். கேட்கும் உரிமை உங்களுடையது.

அடுத்த வாரம்: அமெரிக்கா 1996-ல் இயற்றிய ‘ஹிப்பா’ சட்டம், ஜீயபுரத்து வீட்டு அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தச் சொன்னது எப்படி? நோயாளியின் ரகசியம் பற்றிப் பார்ப்போம்.

(தொடரும்)