அன்புக்கும் அப்பியாசம் வேண்டும்

பகைவனையும் நேசிக்கச் சொல்லும் இயேசு பெருமானின் மலைப்பிரசங்கத்தைப் போற்றாத கிறிஸ்தவர் இல்லை. ஆயினும், ஒருவன் முகத்தில் காறி உமிழ்ந்து, தலைமயிரைப் பற்றி இழுத்து, கீழே தள்ளி உதைக்கும் அந்தக் கணத்தில் அவ்வுபதேசத்தை எப்படி அநுஷ்டிப்பது என்று கேட்டால், தயங்காமல் விடை சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலரே. அந்தக் கேள்விக்குப் பயிற்சியின் மூலம் விடை கண்டவர், 2024-இல் தமது 95-ஆவது வயதில் காலமான அமெரிக்க மெதடிஸ்ட் போதகர் ஜேம்ஸ் லாசன்.

ஒஹாயோ மாநிலத்து மாஸில்லன் நகரில் அவர் சிறு பையனாக இருந்தபோது, காருக்குள்ளிருந்து தம் நிறத்தைப் பழித்துக் கூவிய வெள்ளைக்காரக் குழந்தையைக் கன்னத்தில் அறைந்துவிட்டு வந்து, நடந்ததைத் தாயாரிடம் சொன்னார். சமையலில் ஈடுபட்டிருந்த அந்த அம்மாள், திரும்பிப் பாராமலே, அப்படி அடித்ததனால் விளைந்த நன்மை என்ன என்று வினவி, இதைவிட மேலான மார்க்கம் ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்றார். அந்த மார்க்கத்தைத் தேடியே, கொரியா யுத்த காலத்தில் ராணுவ சேவையை மறுத்துச் சிறை புகுந்த லாசன், விடுதலையான பின் நாகபுரிக்கு வந்து, ஹிஸ்லாப் கல்லூரியில் பணியாற்றிக்கொண்டே காந்தியடிகளின் சத்தியாக்கிரக முறைகளைக் கற்றார். அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரத்துக் கறுப்பின மக்கள் நிறபேதத்தை எதிர்த்துப் பஸ்களைப் பகிஷ்கரித்த செய்தியை 1955 டிசம்பரில் அவர் படித்ததும் நாகபுரிப் பத்திரிகை ஒன்றிலேதான். தாயகம் திரும்பிய அவரை 1957-இல் சந்தித்த மார்ட்டின் லூதர் கிங், தாமதியாமல் தென்மாநிலங்களுக்கு வந்துவிடுமாறு வற்புறுத்தினார்.

அவ்வாறே நாஷ்வில் நகரத்துக்குச் சென்ற லாசன், வாண்டர்பில்ட் சர்வகலாசாலையில் இறையியல் பயின்றுகொண்டே, தேவாலயங்களில் மாணவர்களைக் கூட்டிப் பயிற்சி வகுப்புகள் நடத்தினார். சிலர் நாற்காலிகளில் வரிசையாக அமர்வார்கள்; மற்றவர்கள் முரடர்களாக நடித்து, வசைமாரி பொழிந்து, சிகரெட் புகையை முகத்தில் ஊதி, அவர்களைப் பிடித்துத் தள்ளுவார்கள். விழுந்தால் உடம்பைச் சுருட்டித் தலையைக் காத்துக்கொள்வதும், அடிபடும் தோழனைத் தன் உடலால் மறைப்பதும், அடிக்கிறவனின் கண்ணை நேராக நோக்கி அவனும் மனிதன் என்பதை மறவாதிருப்பதும் அங்கே பாடங்கள். கோபம் தலைக்கேறிய பிறகு சாந்தத்தைத் தேடுவது வீடு பற்றி எரியும்போது கிணறு தோண்டுவதுதான் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1960 பிப்ரவரியில், கறுப்பினத்தார் உட்கார்ந்து உண்ணலாகாது என்றிருந்த கடைகளின் சிற்றுண்டிப் பகுதிகளில் அம்மாணவர்கள் போய் அமர்ந்தார்கள். முரடர்கள் வந்து அடித்தார்கள். போலீஸாரோ அடிபட்டவர்களையே கைதுசெய்தார்கள். லாசன் சர்வகலாசாலையிலிருந்து வெளியேற்றப்பட்டார். ஏப்ரல் 19 அன்று, மாணவர்களுக்காக வாதாடிய கறுப்பின வக்கீல் லூபியின் வீடு வெடிகுண்டால் சிதைந்தபோது, ஆயிரக்கணக்கானோர் கல் ஒன்றையும் கையிலெடுக்காமல் நகர மன்றம் வரை மௌனமாக நடந்தார்கள். நிறத்தைக் காரணமாக்கி ஒருவரை விலக்குவது தர்மமா என்று டயான் நாஷ் என்ற மாணவி நேருக்கு நேர் கேட்க, அது தவறே என்று மேயர் எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டார். மே 10 அன்று ஆறு கடைகள் கறுப்பினத்தாருக்கு உணவு பரிமாறத் தொடங்கின.

அடிபட்டவனையே பொறுத்துக்கொள்ளச் சொல்வது அநியாயக்காரனுக்கு அனுகூலமாகாதா என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் நாஷ்வில் மாணவர்கள் வெறுமனே பொறுத்துக்கொண்டிருக்கவில்லை. அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குச் சென்றார்கள். அவர்களுக்குத் துணையாக நகரத்துக் கறுப்பின மக்கள் அக்கடைகளில் சாமான் வாங்குவதை நிறுத்தி வியாபாரத்தை முடக்கினார்கள். பகைவன்மீது துவேஷம் இல்லாதிருப்பது ஒன்று, அவன் செய்யும் தீமைக்கு இணங்கிப்போவது முற்றிலும் வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்ளும் சபை, வன்முறையின் முன் வாய்மூடி நிற்கவே நேரும். கிறிஸ்தவம் போதிக்கும் க்ஷமை, பகைவன் திருந்தி வருவதற்குரிய வாசலை அடைக்காமல் வைத்துக்கொண்டே அவனிடம் நியாயத்தைக் கேட்பதாகும். லாசனை வெளியேற்றிய அதே வாண்டர்பில்ட் சர்வகலாசாலை, பல்லாண்டுகள் கழித்து அவரைப் பேராசிரியராக அழைத்தபோது, பழைய அவமதிப்பைப் பாராட்டாமல் அவரும் அங்கே சென்று பாடம் நடத்தினார்.