நாய் மலத்தை விரட்டிய நொதி, சல்பைடை ஏன் விரட்டவில்லை?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் பேருந்தில் போகிறவர்களுக்கு டேனரி இருக்கும் இடத்தை யாரும் கைகாட்டிச் சொல்ல வேண்டியதில்லை. மூக்கே சொல்லிவிடும். அழுகிய முட்டை மாதிரி ஒரு வீச்சம். உள்ளூர்க்காரர்களுக்கு அது பழகிப்போன விஷயம்.

அந்த வீச்சத்தில் முக்கியப் பங்கு ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயுவுக்கு உண்டு. ஆட்டுத்தோல், மாட்டுத்தோலில் இருக்கும் முடியை நீக்கப் பயன்படுத்தும் சோடியம் சல்பைடுதான் அதன் ஊற்று. இதற்குப் பதிலாக நொதியை, அதாவது என்சைமை வைத்தே முடியை எடுத்துவிடலாம் என்பது இன்று நேற்று தெரிந்ததல்ல. ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்பே முயன்று பார்த்துவிட்டார்கள். நுண்ணுயிரிகளை வளர்த்து அந்த நொதியைத் தயாரிக்கவும் வழி இருக்கிறது. சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமான சிஎல்ஆர்ஐ இதற்காகப் பல பத்தாண்டுகள் உழைத்திருக்கிறது. இருந்தும் பெரும்பாலான டேனரிகளில் இன்றைக்கும் சுண்ணாம்பும் சல்பைடும்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே டேனரியில், முடி நீக்கி முடித்த அடுத்த கட்டத்தில் நொதி இல்லாமல் வேலையே நடக்காது. ஒரு தொட்டியில் ராஜமரியாதை, பக்கத்துத் தொட்டியில் இடமில்லை. ஏன் இப்படி?

முடி எப்படிப் போகிறது?

உப்புப் போட்டு வரும் பச்சைத்தோலை முதலில் தண்ணீரில் ஊறவைப்பார்கள். அடுத்தது சுண்ணாம்பு. தோலின் எடையில் சுமார் 10 சதவீதம் சுண்ணாம்பும், 2 முதல் 3 சதவீதம் சோடியம் சல்பைடும் சேர்ப்பது வழக்கம். ஆட்டுத்தோல் என்றால் இரண்டையும் குழைத்து, தோலின் சதைப்பக்கத்தில் பூசி அடுக்கி வைப்பதும் உண்டு.

முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அதன் இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் இறுகக் கட்டி வைத்திருக்கின்றன. நம் தலைமுடி லேசில் மக்காமல் இருப்பதற்கும் காரணம் அதுதான். சல்பைடு அந்தப் பிணைப்பை அறுத்துவிடும். கொஞ்ச நேரத்தில் முடி கூழாகிவிடும். தொட்டியில் அப்படிக் கரைந்த முடி எங்கேயும் போய்விடுவதில்லை. கழிவுநீரோடு கலந்து, சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பெரும் பாரமாகப் போய்ச் சேர்கிறது. கரையாத சுண்ணாம்போ சகதியாகக் குவிகிறது.

காரம் அதிகமாக இருக்கும்வரை சல்பைடு தண்ணீருக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். அமிலம் கலந்த கழிவுநீர் அதோடு சேர்ந்தால் போதும், வாயுவாகக் கிளம்பிவிடும். தேங்கிக் கிடக்கும் சகதியில் பாக்டீரியாக்களும் இதே வாயுவை உண்டாக்குகின்றன. கொஞ்சமாக இருக்கும்போது நாறுகிற இந்த வாயு, அளவு கூடினால் மோப்ப சக்தியையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்துத் தொட்டிக்குள் இறங்குபவர் அங்கேயே சுருண்டு விழுவது இதனால்தான். தோல் தொழிற்சாலைக் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவரும், அவரைக் காப்பாற்றப் போனவரும் சேர்ந்தே இறந்த செய்திகள் தமிழ்நாட்டில் எத்தனையோ முறை வந்திருக்கின்றன.

நாய், புறா, பிறகு கணையம்

சுண்ணாம்பிலிருந்து வெளியே வரும் தோல் விறைப்பாக இருக்கும். அதை மிருதுவாக்க ஒரு கட்டம் உண்டு. தொழிலில் அதற்கு 'பேட்டிங்' என்று பெயர். கிரிக்கெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க ஐரோப்பாவில் இந்த வேலைக்குப் பயன்பட்டது நாய் மலமும் புறா எச்சமும்தான். லண்டன் தெருக்களில் நாய் மலத்தைப் பொறுக்கி வாளிக் கணக்கில் டேனரிக்கு விற்றுப் பிழைத்த ஏழைகள் இருந்தார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் அதைக் கரைத்து, தோலை முக்கி வைப்பார்கள். ஏன் மிருதுவாகிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஆகும்.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் தோல் தொழிலில் இருந்த வேதியியலாளர் ஜோசஃப் டர்னி வுட் இதைப் பல ஆண்டுகள் விடாமல் ஆராய்ந்தார். மலத்தில் வளரும் பாக்டீரியாக்களும் அவை சுரக்கும் நொதிகளும்தான் வேலை செய்கின்றன என்பது இத்தகைய ஆய்வுகளில் தெளிவானது. ஜெர்மனியின் ஓட்டோ ரோம் அடுத்த அடியை எடுத்து வைத்தார். விலங்கின் கணையத்திலிருந்து எடுத்த நொதியை 'ஓரோப்பான்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இதற்காக 1907-ல் ஓட்டோ ஹாஸுடன் சேர்ந்து அவர் தொடங்கியதுதான் ரோம் அண்ட் ஹாஸ் நிறுவனம். நாய் மலத்துக்கு அங்கேயே முடிவுகாலம் ஆரம்பித்தது.

பிற்பாடு கணையத்தோடு நுண்ணுயிரிகளும் களத்துக்கு வந்தன. பேசில்லஸ் வகை பாக்டீரியாக்களுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. புரதத்தை வெட்டும் புரோட்டியேஸ் நொதியைத் தம் உடலுக்குள் வைத்துக்கொள்ளாமல் வெளியே துப்பிவிடும். பெரிய எஃகுக் கலன்களில் மாவுப்பொருளும் சோயாவும் மாதிரியான தீனி கொடுத்து, காற்று ஊதி வளர்த்து, பாக்டீரியாவை வடிகட்டி எறிந்துவிட்டு, மிஞ்சும் நீரைச் செறிவாக்கினால் சரக்கு தயார். பசுக்கள் வேண்டாம், கணையம் வேண்டாம். 1960களில் சலவைத்தூளுக்குள் நொதி நுழைந்ததும் இந்த வழியில்தான். இன்று பேட்டிங்குக்கு வரும் பொடிகளில் கணைய நொதியும் உண்டு, பாக்டீரியா, பூஞ்சை நொதிகளும் உண்டு.

அதே ஓட்டோ ரோம், முடி நீக்கவும் நொதியை வைத்து ஒரு முறையை உருவாக்கினார். அது மட்டும் நாய் மலக் கதை மாதிரி வெற்றி பெறவில்லை.

வைக்கோலைக் கொளுத்துவதும் நாற்றைப் பிடுங்குவதும்

நொதி முடியை நீக்கும் விதமே வேறு. வயலில் இருப்பதை அகற்ற வேண்டும் என்றால் தீ வைக்கலாம். சல்பைடு செய்வது அது. நாற்றங்காலில் தண்ணீர் விட்டு மண்ணை இளக்கி, நாற்றை வேரோடு பிடுங்குவது இன்னொரு வழி. நொதி செய்வது இது. முடியை அது தொடுவதில்லை. முடி வேரைச் சுற்றிப் பசை மாதிரி பிடித்துக்கொண்டிருக்கும் வேறு புரதங்களை மட்டும் வெட்டுகிறது. பிடி தளர்ந்ததும் முடி முழுசாக வந்துவிடும். கழிவுநீரில் கரையாது. சல்லடை வைத்தால் பிடித்துவிடலாம்.

நம் ஊர்ப் பழைய தோல் தொழிலாளர்களுக்கு இது புதிதில்லை. எருக்கம்பாலைத் தடவி முடியைக் கழற்றும் வழக்கம் இந்தியாவில் இருந்திருக்கிறது. எருக்கம்பாலிலும் புரதத்தை வெட்டும் நொதி இருக்கிறது. செடியில் இருப்பதைக் கலனில் வளரும் பாக்டீரியாவிடமிருந்து வாங்குகிறோம், அவ்வளவுதான்.

எங்கே இடிக்கிறது?

தோல் என்பதே கொலாஜன் என்ற புரதம். நொதியும் புரதத்தை வெட்டுவது. ஆக, முடி வேரைப் பிடித்திருக்கும் புரதத்தை வெட்ட வேண்டும், கொலாஜனைத் தொடக் கூடாது. வாங்கிய பொடியில் கொலாஜனை அரிக்கும் நொதி கொஞ்சம் கலந்திருந்தாலும் தோலின் மேற்பரப்பு கெட்டுவிடும். அந்த மேற்பரப்புக்குத்தான் காசு. ஷூ மேல்தோலில் சின்னக் குழி விழுந்தாலும் அதன் தரம் இறங்கிவிடும்.

இரண்டாவது பிரச்சினை இன்னும் ஆழமானது. நொதி ஒரு வினையூக்கி. ஒரு மூலக்கூறு ஒரு இடத்தை வெட்டிவிட்டுத் தீர்ந்துபோவதில்லை. அடுத்த இடத்துக்குப் போகும், மறுபடி வெட்டும். கொஞ்சம் போட்டாலே போதும் என்பது இதனால்தான். ஆனால், நிறுத்தாவிட்டால் நிற்காது என்பதும் அதே காரணத்தால்தான். சுண்ணாம்பு அப்படியல்ல. அது தண்ணீரில் ஓரளவுக்கு மேல் கரையாது. கை தவறிக் கூடுதலாகப் போட்டாலும் காரம் ஒரு எல்லையோடு நின்றுவிடும். தப்பைப் பொறுத்துக்கொள்ளும் சரக்கு அது. நொதி பொறுக்காது. அரைமணி நேரம் கூடினாலும், தண்ணீர் சில டிகிரி சூடானாலும் கணக்கு மாறும்.

பேட்டிங்கில் இந்தப் பிரச்சினையைச் சமாளிக்க முடிகிறது. தண்ணீர் 37 டிகிரி வாக்கில் இருக்கும், வேலை பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரம். அனுபவசாலி ஒருவர் தோலைக் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார். விரல் பதிந்த தடம் அப்படியே நின்றால் போதும் என்று அர்த்தம். கழுவி, அடுத்து அமிலத்தில் போட்டதும் நொதி அடங்கிவிடும். முடி நீக்குவது ராத்திரி முழுக்க நடக்கும் வேலை. நொதி பெரிய மூலக்கூறு. தடித்த மாட்டுத்தோலுக்குள் ஊடுருவி முடி வேர்வரை போய்ச் சேர நேரமாகும். அது போய்ச் சேர்வதற்குள் மேற்பரப்பு அதிகமாக வெந்திருக்கும். அப்படியும் தோலுக்குள் முளைத்துக்கொண்டிருக்கும் குட்டி முடிகள் மிஞ்சிவிடுவது உண்டு. இதனால்தான் மெல்லிய ஆட்டுத்தோலில் எளிதாகப் பலித்த முறை, தடித்த மாட்டுத்தோலில் அதே அளவுக்குப் பலிப்பதில்லை.

சுண்ணாம்பு இன்னொரு வேலையும் செய்கிறது: தோலை ஊதவைத்து நார்களைப் பிரித்துவிடும். நொதி மட்டும் போட்டால் அது நடக்காது. அதற்குத் தனியாக ஏதாவது செய்தாக வேண்டும்.

நஷ்டம் யாருக்கு, லாபம் யாருக்கு?

ஒரு டேனரி முதலாளியின் கணக்கில் பெரிய செலவு பச்சைத்தோல்தான். சல்பைடு மலிவு. நொதிக்கு மாறி ஒரு லாட் கெட்டுப்போனால் முழு நஷ்டமும் அவருக்கு. ஒழுங்காக நடந்தால் கழிவுநீரின் பாரம் குறையும்; அந்த லாபமோ பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் பாலாற்றுக்கும், கீழே கிணற்று நீர் குடிக்கும் ஊர்களுக்கும். இத்தனை வருஷமும் நொதி வாசலிலேயே நிற்பதற்கு வேதியியலைவிட இந்தக் கணக்குதான் பெரிய காரணம் என்று தோன்றுகிறது. நாய் மலத்தைக் கைவிட்டபோது கணக்கு நேர்மாறாக இருந்தது. நாற்றமும் நிச்சயமின்மையும் முதலாளிக்கே தொல்லை. நல்ல பொடி கிடைத்ததும் அவர்களே மாறிக்கொண்டார்கள்.

கணக்கைச் சரிசெய்ய நீதிமன்றம் முயன்றது. வேலூர் மாவட்ட டேனரிகளை முன்வைத்து வந்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996-ல் வலுவாகச் சொன்னது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களோடு இணைவது கட்டாயமானது. ஆனால், கவனம் முழுக்கக் கழிவு வந்தபிறகு அதை என்ன செய்வது என்பதிலேயே போனது. 2015 ஜனவரி கடைசியில் ஒரு நள்ளிரவில், ராணிப்பேட்டையில் அப்படியொரு நிலையத்தின் சகதித் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சகதியில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பாலாறு விவகாரம் 2025 ஜனவரியில் மறுபடி உச்ச நீதிமன்றத் தீர்ப்பாக வந்தது. கண்காணிக்கக் குழு அமைக்கவும் உத்தரவானது.

நொதி தீர்க்காதவை

நொதி வந்துவிட்டால் பாலாறு பழையபடி ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பச்சைத்தோல் கெடாமல் இருக்கப் போடும் உப்பு, தோலின் எடையில் 40 சதவீதம்வரை போகும். ஊறவைக்கும்போது அவ்வளவும் தண்ணீரில் இறங்கும். நொதி உப்பைத் தொடாது. பதனிடப் போடும் குரோமியத்தையும் தொடாது. அது தொடுவது சல்பைடையும் கரைந்த முடியையும் சுண்ணாம்புச் சகதியில் ஒரு பகுதியையும்தான்.

நொதியிலும் ஆபத்து இருக்கிறது. 1960களின் கடைசியில் பிரிட்டனில் நொதி கலந்த சலவைத்தூள் தயாரித்த ஆலைகளில் தொழிலாளர்களுக்கு மூச்சிரைப்பு வந்தது. மெல்லிய பொடியாகப் பறந்த புரோட்டியேஸ் நுரையீரலுக்குள் போய் ஒவ்வாமையைக் கிளப்பியிருந்தது. அதற்குப் பிறகுதான் நொதியை மெழுகு மாதிரியான உறையிட்ட குருணைகளாகத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். மூட்டையைக் கிழித்து வெறுங்கையால் அள்ளிப் போடும் இடத்தில் இது சின்ன விஷயமல்ல.

இப்போதைக்கு நடைமுறையில் இடம் பிடித்திருப்பது ஒரு நடுவழி. சல்பைடை அடியோடு நிறுத்தாமல், அளவைக் குறைத்து, மிச்சத்தை நொதியிடம் ஒப்படைப்பது. தோல் கெடும் பயம் குறைகிறது. குட்டி முடியை எஞ்சிய சல்பைடு பார்த்துக்கொள்கிறது. பெரிய முடி கரைவதற்கு முன்பே கழன்றுவிடுவதால், ஓடும் டிரம்மிலிருந்து தண்ணீரைச் சல்லடை வழியே சுற்றவிட்டு அதை அள்ளி எடுத்துவிடலாம். நைட்ரஜன் நிறைந்த அந்த முடியை உரமாக மக்கவைக்க முடியும். அதற்கு முதலில் அந்தச் சல்லடையை வாங்கி மாட்ட வேண்டும்; அந்தச் செலவும் இப்போதைக்கு டேனரிக்காரர் தலையில்தான்.